ஒரே இடம், ஒரே நேரம், மூன்று வெவ்வேறு எண்கள்: மாணவர்களின் பறவைக் கணக்கெடுப்பை எப்படி நடத்துவது?

கேள்வி: நடுநிலை வகுப்பு அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பள்ளி வளாகத்திற்கு வந்துபோகும் பறவைகளை வாரத்திற்கு ஒருமுறை என ஒரு பருவம் முழுவதும் மாணவர்களே கணக்கெடுக்கும் செயல்பாடு ஒன்றை ஏழாம் வகுப்பில் தொடங்க எண்ணியுள்ளேன். பறவைகளின் பெயர்களைக் கற்பிப்பது மட்டும் என் நோக்கமன்று. உற்றுநோக்குதல், பதிவு செய்தல், அட்டவணைப்படுத்துதல், முடிவு காணுதல் ஆகிய நான்கையும் பாடநூலில் படிப்பதோடு நிறுத்தாமல் செய்து பார்க்க ஒரு வாய்ப்பாக இதை அமைக்க விரும்புகிறேன்.

வெள்ளோட்டமாக மூன்று குழுக்களை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கால் மணி நேரம் நிற்க வைத்துக் காகங்களை மட்டும் எண்ணச் சொன்னேன். முதற்குழு 11 என்றும், இரண்டாம் குழு 19 என்றும், மூன்றாம் குழு 34 என்றும் எழுதித் தந்தன. மூன்று குழுக்களுமே கவனமாகத்தான் எண்ணினார்கள். நான் அருகிலேயே இருந்தேன். இவற்றுள் எது சரி என்று ஒரு மாணவி கேட்டாள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் போதும் என்று மற்றொருவன் உடனே விடையும் சொல்லிவிட்டான். 21.3 என்ற அந்தச் சராசரியை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏன் ஏற்கக்கூடாது என்பதை அவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்பதும் தெளிவாகவில்லை. கணக்கெடுப்புகளில் பங்கேற்ற அனுபவமுள்ளவர்கள், எண்ணும் விதியை எப்படி வகுக்கலாம் என்று கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பறவை நோக்குநர்

வணக்கம் ஆசிரியை அவர்களே. உங்கள் மூன்று குழுக்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு குழு, ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தென்பட்டவற்றை எண்ணியிருக்கும்; மற்றொன்று, புதிதாக வந்து அமர்ந்த ஒவ்வொரு காகத்தையும் முந்தைய எண்ணோடு கூட்டிக்கொண்டே போயிருக்கும்; 34 என்று எழுதிய குழு, அநேகமாக வானத்தில் கடந்து சென்றவற்றையும் சேர்த்திருக்கும். அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். மூன்று வெவ்வேறு கேள்விகளின் விடைகளைச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண், அந்த மூன்றில் எந்தக் கேள்விக்கும் விடையாகாது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள்.

பள்ளிகளுக்கு நான் பரிந்துரைப்பது, ஒரே கணத்தில் ஒருசேரக் காணப்பட்ட மிகுதியான எண்ணிக்கையை மட்டும் எழுதும் விதியை. கால் மணி நேரத்தில் முதலில் 4 காகங்கள், பிறகு 7, பிறகு 5 தென்பட்டால், எழுத வேண்டியது 7. கூட்டுத்தொகையான 16 அன்று. ஒரே சிட்டுக்குருவி கூட்டுக்கும் தரைக்கும் இடையே பலமுறை போய்வந்தால் அதைப் பல குருவிகளாக எண்ணிவிடும் தவறு இந்த விதியால் நீங்குகிறது. பிரிட்டனில் பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1979-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் இதே விதிதான்: ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும், ஒவ்வோர் இனத்திலும் ஒருசேரத் தென்பட்ட அதிகபட்ச எண்ணை எழுத வேண்டும், மேலே பறந்து சென்றவற்றைச் சேர்க்கக் கூடாது. அந்தக் கணக்கெடுப்பு முதலில் சிறுவர்களுக்கான செயல்பாடாகவே தொடங்கப்பட்டது என்பது உங்கள் மாணவர்களுக்கு ஊக்கமளிக்கலாம்.

இந்த விதிக்கு ஒரு குறையும் உண்டு. வளாகத்தில் உண்மையில் உள்ள பறவைகளைவிடக் குறைவான எண்ணையே இது தரும். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே முறையில் குறைத்துக் காட்டுவதால், இந்த வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடுவது இயலும். ஒப்பிடுவதற்குத்தான் நமக்கு எண்ணே தேவைப்படுகிறது.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான நிலப்பறவைகள் சூரியன் உதித்த பின் வரும் ஓரிரு மணி நேரத்தில்தான் மிகுதியாக நடமாடும், பாடும், இரை தேடும். வெயில் ஏற ஏற ஒதுங்கிவிடும். முதல் வாரம் காலை 9 மணிக்கும் அடுத்த வாரம் நண்பகல் 12 மணிக்கும் எண்ணிவிட்டு, பறவைகள் குறைந்துவிட்டன என்று எழுதினால், மாணவர்கள் அளந்தது பறவைகளை அன்று, கடிகாரத்தை. ஆகவே, பறவைகளுக்கு மிகச் சிறந்த நேரம் எது என்று தேடுவதைவிட, பருவம் முழுவதும் மாறாமல் காக்கக்கூடிய நேரம் எது என்று உங்கள் கால அட்டவணையில் பார்த்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். மழை, பலத்த காற்று, மேகமூட்டம் ஆகியவற்றைத் தவறாமல் குறித்துவைக்கச் சொல்லுங்கள். காற்று பலமாக வீசும்போது இலைகளின் அசைவில் சிறிய பறவைகள் கண்ணுக்குத் தப்பும், அவற்றின் குரலும் காதில் விழாது.

நாற்பது பேர் ஒன்றாக நின்றால் பறவைகள் அங்கே தங்கமாட்டா. மூவர் அல்லது நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒருவர் எழுத, மற்றவர்கள் கண்ணை எடுக்காமல் பார்ப்பது நன்று. பார்ப்பவரே எழுதவும் செய்தால், குனிந்து எழுதும் நேரத்தில் பறவை பறந்துவிடும். இடத்திற்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்ற பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். வானில் கடந்து செல்பவற்றிற்குத் தனிப் பத்தி ஒன்று ஒதுக்கிவிட்டால், சேர்ப்பதா விடுவதா என்ற சண்டை எழாது.

மறுமொழி 2: புள்ளியியல் பயிற்றுநர்

மேலே நண்பர் கூறிய விதியை நானும் ஏற்கிறேன். ஆயினும் விதி வகுத்தபின் குழுக்களுக்கிடையே எஞ்சியிருக்கும் வேறுபாட்டை மறைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே விதியைப் பின்பற்றினாலும் ஒரு குழு 7 என்றும் மற்றொரு குழு 9 என்றும் எழுதத்தான் செய்யும். ஓர் அளவீட்டில் எவ்வளவு தடுமாற்றம் இருக்கிறது என்பதை மாணவர்கள் தம் கையாலேயே கண்டறிய அதைவிட நல்ல வாய்ப்பு வகுப்பறைக்குள் கிடைக்காது. சராசரி எடுப்பதானால், கூடவே மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரத்தின் எண் இந்த வீச்சுக்குள்ளேயே அமைந்தால், ஏதோ மாறிவிட்டது என்று சொல்ல இன்னும் ஆதாரம் இல்லை என்பதை அவர்களே உணர்வார்கள்.

இதைவிடச் சுவையான ஒரு பயிற்சியும் உண்டு. இரண்டு குழுக்களை ஒரே இடத்தில், ஒன்றோடொன்று பேசாமல், எந்தெந்த இனங்களைக் கண்டோம் என்று தனித்தனியே பட்டியல் எழுதச் செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, முதற்குழு 12 இனங்களையும் இரண்டாம் குழு 10 இனங்களையும் எழுதி, அவற்றுள் 8 இனங்கள் இரு பட்டியலுக்கும் பொதுவாக இருக்கின்றன என்று கொள்வோம். இரண்டாம் குழு கண்ட பத்தில் எட்டை முதற்குழுவும் கண்டிருக்கிறது. அதாவது முதற்குழுவின் கண்ணில் படும் வாய்ப்பு ஏறத்தாழ பத்துக்கு எட்டு. அந்தக் குழு 12 இனங்களைக் கண்டது என்றால், அங்கிருந்த மொத்த இனங்கள் 12-ஐ 10-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்துக் கிடைக்கும் 15 என்று மதிப்பிடலாம். இரு பட்டியல்களையும் சேர்த்துப் பார்த்தால் 14 இனங்கள்தான் இருக்கும். ஆக, இரு குழுவினரும் காணாத ஓர் இனம் அங்கே இருந்திருக்கக்கூடும் என்பதைக் கணக்கே சொல்கிறது! காணாத ஒன்றைப் பற்றிக் கண்டவற்றிலிருந்து பேச முடியும் என்பது பிள்ளைகளை வியப்பில் ஆழ்த்தும்.

இந்த மதிப்பீட்டின் அடிப்படை, எல்லா இனங்களும் கண்ணில் படும் வாய்ப்பு ஒன்றே என்பது. உண்மையில் அப்படி இல்லை. காகத்தை யாரும் தவறவிடமாட்டார்கள், புதருக்குள் ஒளிந்திருக்கும் பறவையை இரு குழுவுமே தவறவிடும். அதனால் 15 என்பதும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். வெளியே செல்வதற்கு முன், ஒரு பையில் உள்ள விதைகளில் சிலவற்றுக்கு மை தடவிக் கலந்து, ஒரு பிடி அள்ளி, அதில் எத்தனை மை பட்டவை என்று பார்த்து மொத்தத்தைக் கணக்கிடச் செய்தால், இதே விகிதக் கணக்கு அவர்களுக்குக் கைவந்துவிடும். கடைசியில் பையைக் கொட்டி உண்மை எண்ணைச் சரிபார்க்கலாம் என்பது விதையில் மட்டுமே கிடைக்கும் வசதி.

இன்னும் ஒன்று. ஒரு வாரம் 15 நிமிடமும் மறுவாரம் 30 நிமிடமும் பார்த்துவிட்டு, இரண்டாவதைப் பாதியாக்கி ஒப்பிடலாம் என்று மாணவர்கள் எண்ணக்கூடும். ஒருசேரத் தென்படும் அதிகபட்ச எண், நேரத்தை இரட்டிப்பாக்கினால் இரட்டிப்பாகாது; சிறிதளவே உயரும். ஆகவே வகுத்துச் சரிசெய்ய முயலாமல், நேரத்தையும் பார்ப்பவர்களின் எண்ணிக்கையையும் மாற்றாமல் வைத்திருப்பதே வழி. ஒரு பறவைகூடத் தென்படாத நாளில் 0 என்று எழுத வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டால், பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்பது பின்னர் யாருக்கும் விளங்காது.

மறுமொழி 3: தொடக்க வகுப்பு ஆசிரியர்

மேற்கண்ட இரண்டு மறுமொழிகளும் பயனுள்ளவை. எனினும் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. இத்தனை விதிகளையும் முதல் நாளிலேயே பிள்ளைகளின் கையில் கொடுத்தால், அவர்கள் பறவையைப் பார்க்காமல் படிவத்தைப் பார்ப்பார்கள். முதல் சில வாரங்களுக்கு எண்களே வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து அது என்ன செய்கிறது என்று எழுதவும், பெயர் கேட்பதற்கு முன் அதை வரையவும் சொல்லுங்கள். வரையத் தொடங்கும்போதுதான் அலகு தடித்ததா கூரியதா, வால் எவ்வளவு நீளம், கண்ணைச் சுற்றி வளையம் உண்டா என்பனவற்றையெல்லாம் அவர்கள் மறுபடி ஏறிட்டுப் பார்ப்பார்கள். சிட்டுக்குருவியின் ஆணுக்குத் தொண்டையில் கறுப்புத் திட்டும் தலையுச்சியில் சாம்பல் நிறமும் உண்டு, பெண்ணுக்கு அவை இல்லை. குயிலின் ஆண் முழுக் கறுப்பு, பெண்ணோ பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டது. இவற்றை அறியாமல் எண்ணத் தொடங்கினால் ஓர் இனம் இரண்டு இனங்களாகப் பட்டியலில் ஏறிவிடும்.

எண்ணத் தொடங்கும்போதும், எத்தனை பறவைகள் என்பதை மட்டும் கேள்வியாக வைக்க வேண்டாம். மரங்கள் அடர்ந்த பக்கத்தில் மிகுதியா, திறந்த மைதானத்தில் மிகுதியா, இடைவேளைக்கு முன்னும் பின்னும் வேறுபாடு உண்டா, மழைக்கு மறுநாள் தரையில் இரை தேடும் பறவைகள் கூடுகின்றனவா என்று மாணவர்களே ஒரு கேள்வியை எழுப்பி, விடை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, அதன்பின் எண்ணட்டும். தம் ஊகம் பொய்க்கும் வாய்ப்புள்ள கேள்வியில்தான் அவர்களுக்கு அக்கறை பிறக்கிறது.

ஆசிரியர்கள் ஒன்றில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அதிகமாக எண்ணிய குழுவுக்குக் கைதட்டல் கொடுத்தால், அடுத்த வாரமே எல்லாக் குழுக்களின் எண்களும் உயர்ந்துவிடும். பறவைகள் அதே அளவில்தான் இருக்கும். அரிய பறவையைக் கண்டவருக்குப் பரிசு என்று அறிவித்தால், அரிய பறவைகள் வரிசையாக வரத் தொடங்கும். பாராட்டுவதானால், தெரியவில்லை என்று நேர்மையாக எழுதிய குழுவைப் பாராட்டுங்கள்.

கேட்டவரின் பதில்: நடுநிலை வகுப்பு அறிவியல் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. எந்த விதிப்படி எண்ணினீர்கள் என்று குழுக்களிடம் விசாரித்தேன். நண்பர் ஊகித்தது ஏறக்குறைய சரியே. 34 என்று எழுதிய குழு, வானில் சென்றவற்றோடு, போய்த் திரும்பியவற்றையும் புதியவையாகவே எண்ணியிருக்கிறது. முதலில் வரைதல், பிறகு விதி, அதன்பின் கணக்கு என்ற வரிசையில் திட்டத்தை மாற்றி அமைக்கிறேன்.

மேலும் சில ஐயங்கள் உள்ளன. அடையாளம் தெரியாத பறவையைப் பட்டியலில் எப்படி எழுதுவது? மைனாக்கள் பெருங்கூட்டமாக வந்து இறங்கும்போது ஒவ்வொன்றாக எண்ண நேரமே இருப்பதில்லை; அப்போது என்ன செய்யலாம்? இந்தத் தரவுகளை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் போன்ற பொது இணையத் தளத்தில் ஏற்றுவது பொருத்தமா, அல்லது மாணவர்களின் பதிவுகள் அங்கே பிழைகளைச் சேர்த்துவிடுமா?

மறுமொழி 4: பறவை நோக்குநர்

அடையாளம் தெரியாததை, தெரியாதது என்றே எழுத வேண்டும். ஆனால் வெறுமனே விட்டுவிடாமல், சிட்டுக்குருவியைவிடச் சிறியதா, மைனா அளவா, காகத்தைவிடப் பெரியதா என்ற ஒப்பீட்டையும், நிறம், அலகு, எங்கே அமர்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்பனவற்றையும் குறித்தால், பின்னர் நூலைப் பார்த்துத் தெளிய வழி இருக்கும். ஊகித்து எழுதிய பெயர், எழுதாமல் விட்ட பெயரைவிடத் தீங்கானது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணைவர்களே. ஆனால் அவை சொல்வதைச் சான்றாகக் கொள்ளாமல், அந்தப் பறவையைத் தேடிப் பார்ப்பதற்கான குறிப்பாகவே கொள்ள வேண்டும். கரிச்சான் போன்றவை மற்றப் பறவைகளின் குரலை அப்படியே ஒலிக்கக் கூடியவை. செயலியும் ஏமாறும், நாமும் ஏமாறுவோம்.

கூட்டங்களைப் பொறுத்தவரை, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்று கண்ணால் பிடித்துக்கொண்டு, அதே அளவுள்ள பகுதிகள் கூட்டத்தில் எத்தனை என்று மதிப்பிட வேண்டும். ஓரங்களில் பறவைகள் நெருக்கமின்றி இருக்கும் என்பதால், நடுப்பகுதியில் மட்டும் அளவெடுத்தால் எண் கூடிவிடும். பொதுவாக மனிதக் கண் பெருங்கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறது. விதைகளைத் துணியில் சிதறவிட்டுச் சில நொடிகள் மட்டும் காட்டி, மதிப்பிடச் சொல்லி, பின் எண்ணிப் பார்க்கச் செய்தால், ஒவ்வொருவரும் தாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வார்கள். கூட்டத்தைப் படம் எடுத்து, வகுப்பறையில் திரையில் காட்டி எண்ணுவதும் நல்ல பயிற்சி.

ஈபேர்டில் ஏற்றலாம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபன் சங்கமும் 2002-இல் தொடங்கிய அந்தத் தளம் பொதுமக்களின் பதிவுகளால்தான் இயங்குகிறது; வழக்கத்திற்கு மாறான பதிவுகள் வந்தால் அந்தந்தப் பகுதியின் தன்னார்வ மதிப்பாய்வாளர்கள் விளக்கம் கேட்பார்கள். இதே இரு அமைப்புகளும் 1998-இல் தொடங்கி, ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடத்தும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில், குறைந்தது 15 நிமிடம் பார்த்தாலே போதும். எனவே உங்கள் கால் மணி நேரப் பதிவு அதற்கும் பொருந்தும்.

ஏற்றும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மூன்று குழுக்கள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பார்த்திருந்தால் மூன்று பட்டியல்களாக ஏற்றக் கூடாது, ஒன்று போதும். அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிவு செய்கிறீர்களா என்று தளம் கேட்கும். அங்கிருந்த எல்லாப் பறவைகளையும் கண்டீர்களா என்று அது கேட்கவில்லை. காகத்தையும் புறாவையும் பொதுவானவை என்று விட்டுவிடாமல், நீங்கள் கண்டறிந்த அனைத்தையும் எழுதியிருந்தால், ஆம் என்றே பதிலளிக்கலாம். எதைக் காணவில்லை என்ற செய்தியை ஆய்வாளர்கள் பெறுவது இத்தகைய முழுப் பட்டியல்களிலிருந்துதான். தளத்தில் தொடங்கும் பயனர் கணக்கு ஒன்றே ஒன்றாக, ஆசிரியரின் பொறுப்பில் இருக்கட்டும். மாணவர்களின் பெயர்களைக் குறிப்புகளில் எழுத வேண்டாம்.

பறவைகளின் நலன் பற்றியும் ஒரு சொல். கூடுகளை நெருங்குவதும், பறவையை வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்வதும் கூடவே கூடாது. நோயுற்ற அல்லது இறந்த பறவையைத் தொடாமல் ஆசிரியரிடம் சொல்லும்படி பழக்குங்கள். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்கு மேற்பட்டவை பழகாத கையில் ஆடும். அதன்வழியே சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுங்கள். வெறும் கண்ணும் காதும் மட்டும் இருந்தாலும் இந்தச் செயல்பாடு குறைவின்றி நடக்கும்.

மறுமொழி 5: புள்ளியியல் பயிற்றுநர்

பருவ முடிவில் மாணவர்கள் எழுதப்போகும் முடிவுரை பற்றி ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். ஒரு பருவத்தின் எண்களைக் கொண்டு, எங்கள் வளாகத்தில் மைனாக்கள் குறைந்து வருகின்றன என்று எழுத இயலாது. இலையுதிர்வு, இனப்பெருக்கக் காலம், வலசை ஆகிய மூன்றும் சில மாதங்களுக்குள்ளாகவே எண்களை ஏற்றி இறக்கிவிடும். எங்கள் விதிப்படி, இந்த நேரத்தில், இந்த இடத்தில், மரங்கள் உள்ள பக்கத்தில் எண்கள் பெரும்பாலான வாரங்களில் மிகுதியாக இருந்தன என்பது போன்ற கூற்று அடக்கமானது, ஆனால் சான்றுகள் தாங்கக்கூடியது. அமெரிக்காவில் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 27 பேருடன் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பு இன்று ஆய்வாளர்களுக்கு உதவுகிறது என்றால், அது இடைவிடாமல் தொடர்ந்து நடந்துவருவதால்தான்.

ஆகவே, பதிவேட்டை மாணவர்களின் வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளியிலேயே வைத்திருங்கள். அடுத்த ஆண்டு வகுப்பு அதைத் தொடரட்டும். நிற்கும் இடத்தை வளாக வரைபடத்தில் குறித்து, எண்ணும் விதியோடு முதல் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். இடையில் மரம் வெட்டப்பட்டாலோ, புதுக் கட்டடம் எழுந்தாலோ, தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். விதியை மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், பழைய அட்டவணையின் கீழே கோடு போட்டு முடித்துவிட்டுப் புதிய அட்டவணையைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே வரைபடக் கோட்டில் இணைக்க வேண்டாம்.